விளக்கு எரிந்தது, அப்புறம்?



நாம் வழக்கமாக நூல்களைத்தான் எடுத்து அலசுவோம். இந்த முறை ஒரு பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பள்ளி ஸ்டோரிலும் இது எங்கேயாவது ஓர் அலமாரியில் இருக்கும், தேடிப் பாருங்க. உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு பலகை, ஒரு யு.எஸ்.பி. கேபிள், துளை துளையாக வெள்ளை பிரெட்போர்டு, கலர் கலராக வயர்கள், குட்டிப் பொட்டலத்தில் எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும், கூடவே ஒரு கையேடு. தொடக்கநிலை மைக்ரோகண்ட்ரோலர் கிட் என்று இதைத்தான் சொல்கிறோம்.

பெட்டியை விமர்சனம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கிட் என்பதும் ஒரு பாடநூல்தான். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது, எதைச் சொல்லாமலே விடுவது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

கொஞ்சம் பின்னணி. ஆர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்காகப் பிறந்தது. அதற்கு முன்பே ஹெர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர் அங்கே உருவாக்கிய ‘வயரிங்’ என்ற திட்டத்தின் மேல் கட்டியது அது. மின்னணுவியல் படிக்காதவனும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 2016-இல் பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் மைக்ரோபிட் பலகையை ஏறக்குறைய பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. நம் நாட்டில் 2017-இல் கே.எஸ்.எஸ்.எம். தொடங்கியபோது பழைய கே.எச். பாடம் போய் ஆர்.பி.டி. வந்தது. இரண்டாம் படிவத்தின் ரெக்கா பெந்தோக் எலெக்ட்ரோனிக் பகுதியில் மைக்ரோகண்ட்ரோலர் உட்கார்ந்துகொண்டது. பினாங்கில் இயங்கும் சைட்ரான் நிறுவனம் வகுப்பறைக்கென்றே மேக்கர் ஊனோ என்ற பலகையைக் கொண்டுவந்தது. ஆக, இந்தப் பெட்டி ஈப்போவுக்கு வந்தது அதிசயம் இல்லை. அது இங்கே என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் பாராட்டிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது. மேக்கர் ஊனோவை வடிவமைத்தவர்கள் வகுப்பறையைப் பார்த்தவர்கள். 2-ஆம் பின்னில் தொடங்கி 13-ஆம் பின் வரை ஒவ்வொன்றுக்கும் பலகையிலேயே ஒரு குட்டி எல்.இ.டி. வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டன், ஒரு பஸ்ஸர், எல்லாம் அதிலேயே. நாற்பது நிமிடப் பாடத்தில் முப்பது பேருக்கு வயர் மாட்டிக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கேபிளைச் செருகு, பத்து வரி எழுது, விளக்கு மினுக்கும். ஐந்தே நிமிடம்! (முப்பது பஸ்ஸர் ஒரே நேரத்தில் கத்தினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். அது வேறு கதை.)

என் குறை இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதுதான்.

சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு எடுக்கிறேன். இப்போது அங்கே பால்மரம் இல்லை, செம்பனைதான். லயத்து வீடுகள் பாதி போய்விட்டன. கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் கொட்டகையில் ஒன்பது பிள்ளைகள் வருவார்கள். முதல் நாள் எட்டுப் பேருக்கு விளக்கு மினுக்கியது. ஒன்பதாவது பையனுக்கு மினுக்கவில்லை. பலகையில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் கணினி பலகையே இல்லை என்கிறது. அவன் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினான். அதில் ‘இப்போது விளக்கு மினுக்குவதைக் காண்பீர்கள்’ என்று இருந்தது. காணவில்லை என்றால் என்ன செய்வது என்று எங்கேயும் இல்லை. அவன் பலகையை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தான். “எனக்கு இது வராது சார்” என்றான்.

கேபிள்தான் காரணம். அது போனுக்கு சார்ஜ் போடும் கேபிள். மின்சாரம் கொண்டுபோகும் இரண்டு வயர் மட்டும் உள்ளே இருக்கும், தகவல் கொண்டுபோகும் இரண்டு வயர் இருக்காது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் பலகையில் விளக்கு எரிந்தது, ஆனால் கணினியோடு பேச முடியவில்லை. மாற்றுக் கேபிள் போட்டதும் சரியாகிவிட்டது. அந்தப் பையனிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் அங்கே நின்றிருக்காவிட்டால் அன்றைக்கு அவன் தன்னைப் பற்றி ஒரு முடிவோடு வீட்டுக்குப் போயிருப்பான்.

இதுவரை ஏழெட்டுக் கையேடுகள் பார்த்துவிட்டேன். எதன் பெயரையும் இங்கே இழுக்கவில்லை, ஏனென்றால் எல்லாமே இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது, மோட்டார் சுற்றுகிறது. தோல்விக்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஈப்போ டவுனில் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய இழப்பில்லை. வீட்டில் அண்ணனோ அக்காவோ இருப்பார், இணையத்தில் ஆங்கிலத்தில் தேடுவான், டியூஷன் சாரிடம் கேட்பான். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் காணாமல்போன பக்கம்தான் வாசல். அது இல்லையென்றால் கதவு அங்கேயே சாத்திக்கொள்கிறது. கிட் எல்லாருக்கும் சமம் என்கிறோம். விளக்கு எரியும்வரைக்கும் சமம்தான்.

சரி, பெட்டிக்குள் என்னென்ன மறைந்திருக்கிறது என்று பார்ப்போம். மாணவர்களே, இனி வருவது தேர்வுக்கும் உதவும், கொஞ்சம் கவனமாகப் படியுங்க.

ரெசிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் பதித்த குட்டி விளக்குகளுக்கு ரெசிஸ்டரும் சேர்த்தே பதித்திருக்கிறார்கள். பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. ‘13-ஆம் பின்னை ஹை ஆக்கினால் விளக்கு எரியும்’ என்று மட்டும் மனதில் பதிகிறது. அடுத்த வாரம் வெளியே ஒரு எல்.இ.டி.யை எடுத்து நேராகப் பின்னில் செருகுகிறான். மிகப் பழைய ஆர்டுயினோ பலகைகளில் 13-ஆம் பின்னோடு ஒரு ரெசிஸ்டரும் இருந்தது, அதனால் அப்படிச் செருகலாம். ஊனோவில் அப்படி இல்லை. சிவப்பு எல்.இ.டி. தனக்கு ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட்டில் மிச்சம் 3 வோல்ட். 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 3 ÷ 220, அதாவது சுமார் 0.0136 ஆம்பியர், 14 மில்லிஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. ஊனோவில் உள்ள ஏ.டி.மெகா328பி சில்லின் ஒரு பின் தாங்கக்கூடிய உச்ச எல்லை 40 மில்லிஆம்பியர். ரெசிஸ்டர் இல்லையென்றால் கட்டுப்படுத்த யாரும் இல்லை. விளக்கு ரொம்பப் பிரகாசமாக எரியும், பிள்ளை கைதட்டுவான். கெடுவது எல்.இ.டி.யா பின்னா என்று பிறகுதான் தெரியும். இந்தச் சின்னக் கழித்தல், வகுத்தல் கணக்கு எந்தக் கையேட்டிலும் முதல் பாடத்தில் இல்லை. ஏன் இருக்கக் கூடாது? ஓம் விதியை அறிவியல் பாடத்தில் படிக்கப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

பழைய கே.எச். பாடத்தை நினைத்துப் பார்க்கிறேன். பட்டறையில் ஈயம் உருக்கி வைப்போம், விரல் சுடும், புகை கண்ணில் போகும். பாதிப் பேரின் சர்க்யூட் வேலை செய்யாது. அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மதிப்பெண்ணுக்காகக் கடையில் செய்து வாங்கி வந்தவர்களும் உண்டு. ஆனால் எந்த ரெசிஸ்டர் எங்கே போகிறது என்று கைக்குத் தெரிந்தது. இப்போது ‘பொருத்துதல்’ என்றால் செருகுதல்தான். இன்னொன்று: பலகையைத் திருப்பிப் பாருங்க, பளபளவென்று வெள்ளிப் புள்ளிகள். ஈயக்கலப்பு இல்லாத இன்றைய பற்றுலோகத்தில் வழக்கமான ஒரு வகையில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கக் குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்க, பலகையைத் தடவிப் பார்ப்பான்.

பிரெட்போர்டைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. ஒரு வரிசையில் ஐந்து துளைகள் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், நடுப் பள்ளத்தைத் தாண்டினால் தொடர்பில்லை. எல்.இ.டி.யின் இரண்டு காலையும் ஒரே வரிசையில் செருகினால் விளக்கு எரியாது, மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நீளமான கால் பாசிட்டிவ். சில பிரெட்போர்டுகளில் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோடு நடுவில் அறுந்திருக்கும், அங்கே உள்ளேயும் தொடர்பு அறுந்திருக்கும். இதெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதக்கூடிய விஷயம். எழுதினால் பாதிப் பிள்ளைகள் தப்பிப்பார்கள்.

பட்டனைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். கிட் பிள்ளைகளை ஏமாற்றும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

மேக்கர் ஊனோவில் பட்டன் 2-ஆம் பின்னோடு இணைந்திருக்கிறது. நிரலில் அதை ‘இன்புட் புல்லப்’ என்று அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்துவிட்டு அதன் மதிப்பைப் படித்தால், அழுத்தாதபோது 1 வரும், அழுத்தும்போது 0 வரும். தலைகீழ்! ‘அழுத்தினால் 0 என்று நினைவில் கொள்க’ என்று கையேடு சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் நினைவில் கொள்கிறார்கள். தேர்வில் எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், சில நேரம் நாமும்தான்.

தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் லயத்துக்கு வருகிறது. கடைசியில் ஒரு பைப். பைப் மூடியிருக்கும்போது குழாய் முழுக்கத் தண்ணீர் அழுத்தமாக நிற்கும். பைப்பைத் திறந்தால் தண்ணீர் கீழே ஓடிவிடும், அந்த இடத்தில் அழுத்தம் விழுந்துவிடும். மெல்லிய குழாய் என்பதால் தொட்டி ஒரேயடியாகக் காலியாகாது.

தொட்டிதான் 5 வோல்ட். மெல்லிய குழாய்தான் சில்லுக்குள்ளேயே இருக்கும் புல்லப் ரெசிஸ்டர், 20 முதல் 50 கிலோ ஓம் வரை. பைப்தான் பட்டன். கீழே ஓடும் வாய்க்கால்தான் கிரவுண்டு. பட்டனை அழுத்துவது பைப்பைத் திறப்பது மாதிரி. அழுத்தினால் அந்த இடத்தில் வோல்ட் விழுந்து 0 ஆகிறது. அழுத்தாவிட்டால் நிறைந்து நின்று 1 ஆக இருக்கிறது. தலைகீழ் ஒன்றும் இல்லை, நேராகத்தான் இருக்கிறது.

இப்போது அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேட்பான்: மேலிருந்து வரும் குழாயே இல்லையென்றால்? அதுதான் அறிய வேண்டிய விஷயம். ‘புல்லப்’ என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் ‘இன்புட்’ என்று எழுதினால், பட்டன் அழுத்தாத நேரத்தில் அந்தப் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். ஒரு முறை 0 வரும், ஒரு முறை 1 வரும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே மாறும். வகுப்பில் இதை வேண்டுமென்றே செய்து காட்டுங்க. பிள்ளைகள் பேயைக் கண்ட மாதிரி பார்ப்பார்கள். பிறகு ‘புல்லப்’ சேர்த்ததும் பேய் ஓடிவிடும். ஒரு தோல்வியை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தவனுக்கு அடுத்த தோல்வியில் பயம் குறைவு. கையேடு எழுதுபவர்கள் இதை ஏன் செய்வதில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்தது ‘டிலே’. எல்லாக் கையேடும் இதில்தான் தொடங்குகிறது. விளக்கை ஏற்று, டிலே 1000, விளக்கை அணை, டிலே 1000. ஆயிரம் மில்லிவினாடி என்றால் ஒரு வினாடி. சரிதான். மூன்றாம் பாடத்தில் இதோடு பட்டனைச் சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கேதான் சிக்கல். பிள்ளை பட்டனை அழுத்துகிறான், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்துகிறான். பட்டன் கெட்டுவிட்டது என்று அடுத்தவன் பலகையை இரவல் கேட்கிறான். பட்டன் கெடவில்லை. டிலே ஓடும்போது சில் வேறு எதையும் பார்க்காது. இரண்டு வினாடிக்கு ஒரு முறைதான் தலையை நிமிர்த்திப் பட்டனைப் பார்க்கிறது, அந்தக் கணத்தில் விரல் அங்கே இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. உலை வைத்துவிட்டு அது கொதிக்கும்வரை சட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பது மாதிரி. நம் அம்மாக்கள் யாரும் அப்படிச் சமைப்பதில்லை. ஒரு கண் கடிகாரத்தில், கை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். நிரலிலும் அதற்கு வழி உண்டு. ‘மில்லிஸ்’ என்று கேட்டால், பலகை ஓடத் தொடங்கி எத்தனை மில்லிவினாடி ஆனது என்று சொல்லும். போன முறை விளக்கை மாற்றிய நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, இப்போதைய நேரத்திலிருந்து கழித்துப் பார்த்தால் போதும். கழித்தல் கணக்குதான்! ஆனால் இது ‘மேல்நிலை’ என்று கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது, அந்த அத்தியாயத்துக்கு எந்த வகுப்பும் போவதில்லை.

மைக்ரோபிட்டில் நிலைமை கொஞ்சம் தேவலை. பட்டனை அழுத்தினால் இதைச் செய் என்று தனிக் கட்டமே இருக்கிறது. 25 எல்.இ.டி., இரண்டு பட்டன், அசைவை உணரும் சென்சார், எல்லாம் உள்ளே. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு நான் அதைத்தான் கொடுப்பேன். ஆனால் மறைப்பது அதில் இன்னும் அதிகம். பலகைக்கு வெளியே ஒரு வயரைக்கூடத் தொடாமல் ஓர் ஆண்டு முழுக்க ஓட்டிவிடலாம், ஓட்டியும் விடுகிறார்கள்.

இனி சென்சார். புத்தாக்கப் போட்டிகளுக்கு நம் பிள்ளைகள் கொண்டுபோகும் திட்டங்களில் மண் ஈரத்தை அளந்து செடிக்குத் தண்ணீர் விடுவது ரொம்பப் பிரபலம். அட்டையில் அழகாக ‘மண் ஈரம்: 640’ என்று எழுதியிருக்கும். 640 என்ன? லிட்டரா, விழுக்காடா? யாரும் கேட்பதில்லை. ஊனோ 0 முதல் 5 வோல்ட் வரை உள்ளதை 1024 படிகளாகப் பிரித்து, 0 முதல் 1023 வரை ஒரு எண் தருகிறது. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். அவ்வளவுதான் அந்த எண்ணுக்குப் பொருள். ஈரம் என்று அதற்குப் பொருள் கொடுக்க வேண்டியது நாம். காய்ந்த மண்ணில் எவ்வளவு வருகிறது, தண்ணீர் ஊற்றி ஊறிய மண்ணில் எவ்வளவு வருகிறது என்று இரண்டையும் எழுதி வைத்தால்தான் நடுவில் வரும் எண் பேசும்.

இதை வகுப்பில் விளக்கும்போது வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி உள்ளே வந்தார். பேரனைக் கூட்டிப் போக வந்தவர், முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். அவர் மெட்ரோலாக்கைப் பற்றிச் சொன்னார். மங்கிலிருந்து வாளியில் சேர்த்த பாலை ஸ்டோருக்குக் கொண்டுபோனால், கிராணி அந்தக் கருவியை மிதக்கவிட்டுப் பார்த்து எழுதிக்கொள்வாராம். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது காட்டும். பொதுவாகப் பாலில் 30 முதல் 40 விழுக்காடுதான் ரப்பர். கூலி அந்த எண்ணில் தொங்கியது. காலையில் ஒரு மாதிரியும் வெயில் ஏறியதும் வேறு மாதிரியும் காட்டும் என்று அவர்களுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். சூடு மாறினால் மிதவைக் கருவியின் அளவும் மாறும். சரியாகத் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பாலை உறையவைத்து, உலர்த்தி, எடை பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் ‘கேலிப்ரேஷன்’ என்ற சொல்லை நான் விளக்கவே தேவைப்படவில்லை. தங்கள் பாட்டியின் கூலி ஓர் எண்ணை நம்பியிருந்தது என்று தெரிந்ததும், தங்கள் 640-ஐ அவர்களே சந்தேகப்படத் தொடங்கினார்கள்.

அந்தச் சென்சாரைப் பற்றி இன்னொரு உண்மையும் கையேட்டில் இருக்காது. இரண்டு உலோகக் கால் உள்ள மலிவு வகையை ஈர மண்ணிலேயே வைத்து எப்போதும் மின்சாரம் கொடுத்தால், மின்பகுப்பில் ஒரு கால் அரித்துப் போகும். சில வாரங்களில் எண் தடுமாறும். படிக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து மின்சாரம் கொடுத்துவிட்டு நிறுத்தினால் ஆயுள் கூடும். போட்டி முடியும்வரை தாங்கினால் போதும் என்றால் கவலை இல்லை. தாத்தாவின் கத்திரிக்காய்ச் செடிக்கு வைக்கப் போகிறான் என்றால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் தமிழில் அறிவியல் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறான். நிரலில் இருப்பதோ ஆங்கிலச் சொற்கள். ஒரே பொருளுக்கு பெரிந்தாங், ரெசிஸ்டர், மின்தடை என்று மூன்று பெயர். இதில் ‘மின்தடை’ தமிழ்நாட்டில் செய்தித்தாளில் வந்தால் கரண்ட் இல்லை என்று பொருள்! இலங்கைப் பாடநூல்களில் ‘தடையி’ என்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் இங்கே யாருக்கும் தெரியாது. அதனால் வகுப்பில் ரெசிஸ்டர் என்றே சொல்கிறேன். நுண்கட்டுப்படுத்தி என்று பலகையில் எழுதிவிட்டு ‘தமிழில் கற்பித்துவிட்டோம்’ என்று நினைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்துவிட்டுப் போகட்டும். ஏன் 0 வந்தது என்று யோசிப்பது எந்த மொழியில் நடக்கிறது? அந்த இடத்தில் தண்ணீர்க் குழாயும் உலையும் வந்தால் தமிழ் வந்த மாதிரி. இதில் நம்மில் பலருக்குத் தயக்கம் இருப்பது எனக்குத் தெரியும். 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் படித்த தலைமுறை இன்று ஆசிரியர்களாக இருக்கிறது. நமக்கே இந்த விளக்கங்கள் தமிழில் கிடைக்கவில்லை. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு: 2022-இல் பி.டி.3 நிறுத்தப்பட்டாலும் ஆண்டிறுதியில் கேள்வித்தாள் வரத்தான் போகிறது. மைக்ரோபுரோசஸருக்கும் மைக்ரோகண்ட்ரோலருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் மனப்பாட வரியை எழுதாதீங்க. பலகையில் உள்ள கறுப்புச் சில்லைப் பாருங்க. கணக்குப் போடும் பகுதி, நிரலை வைக்க 32 கிலோபைட், ஓடும்போது எழுதி அழிக்க 2 கிலோபைட், வெளியே பேசும் பின்கள், எல்லாம் அந்த ஒரே துண்டுக்குள் இருக்கின்றன. கணினியின் மைக்ரோபுரோசஸருக்கு நினைவகம் வெளியே தனியாக வேண்டும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தவன் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவான். 2 கிலோபைட் எவ்வளவு சின்னது தெரியுமா? யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரிய பத்தி ஒன்றை வைத்தாலே நிறைந்துவிடும். உள்ளீடு, வெளியீடு பற்றிக் கேட்டால் பட்டன், எல்.இ.டி. என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாமல், அழுத்தினால் எந்த மதிப்பு வருகிறது, ஏன் என்று ஒரு வரி சேருங்க.

அப்படியானால் இந்தக் கிட்டை வாங்கலாமா? வாங்கலாம். எங்கள் வகுப்பில் இன்னும் அதையேதான் வைத்திருக்கிறோம். கையேட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டு, ‘எரியவில்லை’ என்று தலைப்புப் போடுங்க. எங்கள் தாளின் முதல் வரியை அந்த ஒன்பதாவது பையன்தான் எழுதினான்: ‘கேபிளை மாத்திப் பாரு.’ இரண்டாவது வரி, போர்ட் சரியாகத் தேர்ந்தெடுத்தாயா. மூன்றாவது, கணினியில் சி.எச்.340 டிரைவர் இருக்கிறதா. அதன் பிறகு பிள்ளைகள் தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். கமாவும் செமிகோலனும் பற்றி மட்டும் நாலு வரி. ‘பட்டனப் போட்டு அமுக்காத, டிலேவப் பாரு’ என்று ஒரு வரி, எழுதியது யார் என்று தெரியவில்லை.

இப்போது பதினேழாவது வரியில் நிற்கிறது. போன சனிக்கிழமை ஒரு பிள்ளையின் பலகை லேப்டாப்போடு இருக்கும்போது சரியாக ஓடுகிறது, பேட்டரியில் போட்டால் மோட்டார் சுற்றத் தொடங்கியதும் நின்று நின்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் வோல்ட் விழுகிறது என்பது என் ஊகம். புது பேட்டரி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாராவது இதைச் சந்தித்திருந்தால் எழுதுங்க, பதினெட்டாவது வரி காலியாக இருக்கிறது.